படத்துக்கடியில் மண்ணெண்ணெய்

மிக்கேல்துறைக்குப் போய், இங்கே என்ன வாசம் அடிக்கிறது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பச்சை மீனா, கருவாடா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். மண்ணெண்ணெய் என்ற சொல் ஒருத்தர் வாயிலும் வராது. மணவாளக்குறிச்சிக்கு மேற்கே, கடலை ஒட்டிச் சுவரும் சுவரும் உரசிக்கொண்டு நிற்கிற ஊர் அது. வள்ளம் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் என்ஜினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் கேன் கேனாக இருந்தது. என்ஜினை முதலில் தட்டி எழுப்புவதற்கென்று சின்னக் கேனில் பெட்ரோல் வேறு. பிறந்த நாளிலிருந்து அதிலேயே மூச்சு விடுகிறவர்களுக்கு வாசமாவது ஒன்றாவது.

சரி, அந்தக் கேன்களை வீட்டில் எங்கே வைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொல்லையிலா? அதுதான் இல்லை. முன்னறையில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே. மேலே ஆண்டவர், அவருக்கு முன்னால் ஒரு பலகை, பலகையில் மெழுகுதிரி, பலகைக்கு அடியில் கேன்கள். கடற்கரையில் வைத்தால் களவு போய்விடும். ஆண்டவரின் காலடியில் இருப்பதைத் தொட அந்தக் கரையில் எந்தக் கள்ளனுக்கும் கை வராது. படத்துக்கடியில் இருந்த எண்ணெயோடு கடலுக்குப் போனால் நல்ல மீன்பாடு கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. சாயங்காலமானால் எல்லாரும் முழங்காலில் நின்று, திரியைக் கொளுத்தி, செபமாலை சொல்வார்கள். தீக்கும் எண்ணெய்க்கும் நடுவில் இருந்தது ஒரு பலகை. இத்தனை வருஷம் அந்த ஊர் எரியாமல் இருந்ததே, அதற்கு ஆண்டவரின் பொறுமையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் ஷைஜாவுக்கு மட்டும் வாசம் தெரிய ஆரம்பித்தது. மகள் ஜெமியால் வந்தது அது.

ஜெமி ஐந்து வயதுப் பிள்ளை. வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் இழுப்பு வந்துவிட்டால் ஒரு சொல் பேச மாட்டாள். நெஞ்சு மேலும் கீழும் போய்வர, விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு வரும். ஷைஜா அவளைத் தூக்கிக்கொண்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்துக்கு அளவில்லை. மருந்து கொடுத்தார்கள், வாயில் வைத்து இழுக்கிற பம்ப் கொடுத்தார்கள், அதற்கு இழுப்பு கேட்டது. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே கதை. ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பக்கத்திலேயே இருக்கிற தங்கை லிஜியின் வீட்டில் பிள்ளையைக் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஒன்றுமே வரவில்லை. ஓடினாள், ஆடினாள், மாமரத்தில் ஏறப்பார்த்து அடி வாங்கினாள். மிக்கேல்துறைக்குத் திரும்பிய அன்றே இழுப்பு வந்தது. உங்கள் வீட்டுக்குள் என்னவோ இருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஜெமி லிஜி வீட்டில்தான். லிஜிக்குப் பிள்ளை இல்லை, புருஷன் மஸ்கட்டில். பொன்போல் பார்த்துக்கொண்டாள். பிள்ளை அங்கேயே ஒட்டிக்கொள்ளுமோ என்று ஷைஜாவுக்குப் பயம். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போவாள். திரும்பும்போது பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நான் எப்போது வீட்டுக்கு வருவேன் என்று கேட்கும். ஷைஜா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதுகொண்டே வருவாள். இப்போது லிஜி புதிதாக ஒன்று சொன்னாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது, ஜெமியை நெய்யூரிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்றாள். ஷைஜாவின் புருஷன் அனிஷும் அரை மனதோடு தலையாட்டிவிட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் பிறகு பிள்ளை நெய்யூர்ப் பிள்ளைதான், பெற்றவள் சனிக்கிழமை வந்து போகிற விருந்தாளிதான். ஜூனுக்கு முன்னால் வீட்டைச் சரியாக்கிப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்று ஷைஜா முடிவு செய்தாள்.

அந்த நேரம் பார்த்து நாகர்கோவிலில் ஒரு நர்சிங் கல்லூரி கடற்கரைப் பெண்களுக்குப் பயிற்சி ஒன்று வைத்தது. வீட்டுக்குள் நோயும் விபத்தும் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எப்படித் தடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் எடுத்தவள் சிவப்ரியா. பூதப்பாண்டியில் வயல்கார வீட்டுப் பெண், வீடுகளுக்குள் இருக்கிற காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஷைஜா கேட்டதையெல்லாம் வீட்டில் செய்து பார்த்தாள். தலையணையை வெயிலில் போட்டாள், விரிப்பைக் கொதிக்கிற வெள்ளத்தில் அலசினாள், சுவரில் பூத்திருந்த பூஞ்சையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள், அடைத்துக் கிடந்த ஜன்னலைத் திறந்தாள். ஒருநாள் வகுப்பில் சிவப்ரியா எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, உங்கள் முன்னறையில் என்ன வாசம் வருகிறது என்று கேட்டாள். சாம்பிராணி என்றார்கள், மீன்குழம்பு என்றார்கள், ஒரே சிரிப்பு. ஷைஜா முந்தின நாள்தான் லிஜி வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தாள். வாசலில் கால் வைத்ததும் மூக்கில் ஏறியது நினைவுக்கு வந்தது.

"மண்ணெண்ணெய்," என்றாள்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சிவப்ரியா கேட்டாள். ஷைஜா சொன்னாள். திரி கொளுத்துவீர்களா என்று கேட்டாள். கொளுத்துவோம் என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. சிவப்ரியா கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். பாவம், வயல்காட்டுப் பெண்ணுக்கு இது புதிது. பிறகு நிதானமாக விளக்கினாள். மூடியிருந்தாலும் கேனிலிருந்து ஆவி கசிந்துகொண்டே இருக்கும், சின்னப் பிள்ளையின் நெஞ்சை அது அறுக்கும், ஒரு பொறி பட்டால் மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம்.  இத்தனை நாளும் எனக்க பிள்ளைக்கு நானே புகைபோட்டேனே என்று ஷைஜாவின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னாள். சிலுவைதாசன் வள்ளத்தின் சொந்தக்காரர், சொன்னால் கரையில் பத்துப் பேர் கேட்கிற ஆள். பேத்தி என்றால் அவருக்கு உயிர். என்ஜின் என்றாலும் உயிர். இரண்டில் எது கூடுதல் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. எனக்க அப்பன் காலத்திலிருந்தே எண்ணெய் இஞ்சதான் இருக்கு என்று ஒரே போடாகப் போட்டார். அவருடைய அப்பன் பாய் கட்டிக் கடலுக்குப் போனவர், என்ஜினைக் கண்ணால் கண்டவரில்லை.  போன வருஷம் ஒரே ஒரு பொழுது கேனைக் கடற்கரையில் வைத்ததற்கு நிறை கேனாகக் களவு போனதே, மறந்துவிட்டதா என்றும் மாமனார் கேட்டார். அது உண்மைதான். போதாக்குறைக்கு, இந்த வீட்டுக் கேனை மட்டும் அகற்றினால் தீருகிற காரியமும் இல்லை. சுவர்கள் ஓட்டை முட்டாமல் மேலே இடைவெளி விட்டு, ஒட்டி ஒட்டி நிற்கிற வீடுகள். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் கேட்கும், ஆவி வராமல் இருக்குமா? தெருவே மாற வேண்டியிருந்தது.

சிவப்ரியா ஒரு மீட்டரோடு வந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருந்தால் கூவும். எந்த வீட்டில் எவ்வளவு என்று அளந்து காட்டினால் ஊர் நம்பும் என்று இருவரும் நினைத்தார்கள். அங்கேதான் இடறியது. அந்தக் கடற்கரை மணலில் தாது இருக்கிறது, அதைத் தோண்டி எடுப்பதைப் பற்றிய பேச்சு ஓய்ந்த நாளே கிடையாது. கையில் மீட்டரோடு வெளியூர்க்காரர் யார் வந்தாலும், மணலை அளக்கிறார்கள், நாளைக்கு நிலத்தைக் கேட்பார்கள் என்று ஊருக்கு ஒரு பயம். சிவப்ரியா இரண்டு வீடு ஏறுவதற்குள் சேதி தெருக்கோடிக்குப் போய்விட்டது. ஷைஜா ஆளைக் கூட்டிவந்து வீட்டடி மணலை அளக்கிறாள் என்று கதை கட்டினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. சாயாக்கடையில் சிலுவைதாசனிடம், உனக்க மருமவ ஊரை வித்துட்டாளாமே என்று எவனோ கேட்டுவிட்டான். வெப்ராளமும் கோபமுமாய் வீட்டுக்கு வந்த மனுஷன், சிவப்ரியா இனி வாசல்படி ஏறக் கூடாது என்றார். அனிஷ் அப்பாவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த வழி ஒன்று எப்போதும் உண்டு.

ஷைஜா விடுகிற ஆள் இல்லை. அவர்கள் தெருவில் பன்னிரண்டு வீடு சேர்ந்த அன்பியம் ஒன்று உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வார்கள். அந்த வாரம் சிலுவைதாசன் வீட்டு முறை. செபத்துக்கு வருகிறவளை வாசல்படி ஏறாதே என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. சிவப்ரியா வந்தாள். பூதப்பாண்டிக் கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவள், செபமாலை வரிசை தெரியாமல் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்தாள். சிலுவைதாசன் முறைத்துப் பார்த்தார், ஆண்டவரையும் பார்த்தார், செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்பியத்துக்குத் தலைவி விக்டோரியா. மீன் விற்கிறவள். அவள் விலை கூவினால் திங்கள்சந்தையில் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். அவள் தீப்பெட்டியை எடுத்ததும் ஷைஜா கையைப் பிடித்தாள். இன்றைக்குத் திரி வேண்டாம், பல்ப் எரிகிறதே போதும் என்றாள். திரியில்லாமல் என்ன செபம் என்று விக்டோரியா எகிறினாள். ஷைஜா மீட்டரை எடுத்துப் படத்துக்கு முன்னால் பலகையில் வைத்தாள்.

மீட்டர் வீறிட்டது. மடியில் கிடந்த கைக்குழந்தை பயந்து அழுதது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். கூவுகிற பெட்டியை ஷைஜா கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள், பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். முற்றத்தில் காற்று பட்டதும் சத்தம் அடங்கியது. அவள் குனிந்து மீட்டரை மணலில் வைத்தாள். ஒரு பிடி மணலை அள்ளி அதன்மேல் போட்டும் காட்டினாள். பெட்டி மூச்சு விடவில்லை.

"இது மணல அளக்கிற பெட்டியா?" என்றாள் ஷைஜா. "மணல்ல வச்சா ஊமையா கெடக்கு. எனக்க வீட்டுக்குள்ள வச்சா கத்துது. நம்ம பிள்ளையளுக்க மூச்சுல என்ன போவுதுன்னுதான் இது அளக்குது, மனசிலாச்சா?"

விக்டோரியா மணலையும் பார்த்தாள், வீட்டையும் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியை எடுத்து மணலைத் தட்டிவிட்டாள். "வா ஏட்டி, எனக்க வீட்டுல கத்துதான்னு பாப்போம்," என்று நடந்தாள்.

கத்தியது. அவள் வீட்டில் மட்டுமா, அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில். அன்றைக்குச் செபம் எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேட்காதீர்கள். சிவப்ரியா படியேறக் கூடாதென்று சாத்தின கதவுகளையெல்லாம் விக்டோரியா ஒற்றைக் கையால் தள்ளித் திறந்தாள். மறுநாள் பக்கத்து அன்பியத்துக்காரிகள் எங்கள் தெருவுக்கும் கொண்டு வாருங்கள் என்று வந்து நின்றார்கள். வாரம் முடிவதற்குள் மீட்டர் ஊரைச் சுற்றிவிட்டது, சிவப்ரியா பின்னால் குறித்துக்கொண்டே ஓடினாள். பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும் இருக்கிற வீடுகளையும் அவள் விசாரித்துக்கொண்டே வந்தாள். ஜெமி ஒருத்திக்குத்தான் இந்தத் துன்பம் என்று நினைத்திருந்த ஷைஜா, தெருவுக்கு நாலு பிள்ளை வாயில் பம்ப் வைத்து இழுப்பதைக் கண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். அங்கே வைத்ததுதான் அந்த ஊரில் சட்டம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது அப்படி வைத்த சட்டம், மீறினால் ஊருக்குப் பிழை என்று அபராதம் கட்ட வேண்டும். இனி எந்த வீட்டுக்குள்ளும் எண்ணெய் இருக்கக் கூடாது, கடற்கரை மேட்டில் காற்றோட்டமாக ஒரு புரை கட்டி எல்லாக் கேனையும் அங்கே வைக்க வேண்டும் என்று ஷைஜா எழுந்து நின்று கேட்டாள். சிவப்ரியா தான் கண்டதைச் சொன்னாள். பெண்கள் பக்கம் முழுவதும் ஆமாம் என்றது. ஆண்கள் பக்கம் அசையவில்லை. அவர்களுக்காகச் சிலுவைதாசன் எழுந்தார். மருமகளை எதிர்த்துப் பேசுவது அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் பேசினார். பூட்டு போட்டால் உடைப்பான், ஆள் போட்டால் ஆளே எடுப்பான், எண்ணெய் போனால் கடலுக்குப் போக்கு இல்லை, அடுப்பு எரியாது என்றார். ஆண்கள் பக்கம் தலைகள் ஆடின.  இங்கே தோற்றால் ஜெமி நெய்யூர்தான்.

"மாமா, வீட்டுல பூட்டுப் போட்டா வச்சிருக்கோம்?" என்று ஷைஜா கேட்டாள்.

"எதுக்குப் பூட்டு? ஆண்டவருக்க படத்துக்கடியில இருக்கு. எவன் தொடுவான்?"

"அப்பொ கள்ளனுக்குப் பயம் பூட்டுல இல்ல, படத்துல. கேன படத்துக்கு அடியில கொண்டு வந்து வச்சோம். இனி படத்த கேன் இருக்கிற எடத்துக்குக் கொண்டு போவோம். காணாமப் போனதக் கண்டெடுத்துத் தாறது அந்தோனியார்தானே? புரை வாசல்ல அவரை வச்சா எவன் மாமா தொடுவான்?"

 பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு முன்னால் வந்து, கடைசியில் பங்குச்சாமியார் வரைக்கும் போயிற்று. அந்தோனியாரை நம்பாதவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் சாமியார். அந்த முற்றத்தில் யார் தூக்குவார்கள்? அன்றைக்கே ஊர்ச்சட்டம் ஆயிற்று, பிழையோடு சேர்த்து.

புரை எழும்பியது. சிவப்ரியா சொன்ன அளவுக்கு வலைக்கம்பி வைத்த சுவர், வீடுகளிலிருந்து தள்ளி, காற்று வாங்குகிற மேட்டில், வள்ளத்துக்கொரு அடைப்பு. கடலுக்குப் போகாத நாளில் ஆண்கள் கல் சுமந்தார்கள், பெண்கள் மணலும் வெள்ளமும் சுமந்தார்கள். வாசலுக்கு மேலே அந்தோனியார், தலைக்கு மேல் ஒரு பல்ப். திறப்பு விழாவன்று விக்டோரியா பெரிய மெழுகுதிரியோடு வந்து நின்றாளே, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஷைஜா ஓடிப்போய்க் கையிலிருந்து பிடுங்கினாள். அந்தோனியாருக்குத் திரியில்லையா என்று விக்டோரியா கண் கலங்கினாள். தூரத்தில் சிலுவை நிற்கிற குருசடியில் எவ்வளவு வேண்டுமானாலும் கொளுத்திக்கொள், இங்கே அவர் வேலையில் இருக்கிறார், பல்ப் போதும் என்று ஷைஜா சமாதானம் சொன்னாள்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒரு சொட்டு எண்ணெய் குறையவில்லை. அதற்கும் மேலே ஒன்று நடந்தது. ஒரு காலையில் புரை வாசலில் யாருடைய கணக்கிலும் இல்லாத ஒரு கேன் நிறை எண்ணெயோடு நின்றது. கைப்பிடியில் நீலப் பெயிண்ட் அடையாளம். போன வருஷம் சிலுவைதாசனிடமிருந்து களவு போன கேன். எடுத்தவனுக்குப் புரையைத் தாண்டிக் கடலுக்குப் போகவர அந்தோனியாரை முகத்துக்கு நேரே பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. ஊரே புல்லரித்து நின்றது. சிலுவைதாசன் கேனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கள்ளன் யாரென்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

மே மாதப் பாதியில் ஷைஜா நெய்யூர் போய் ஜெமியைக் கூட்டிவந்தாள். மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள், வீட்டில் சுண்ணாம்பு வாசமும் கடல் வாசமும்தான் இருந்தன. பிள்ளை காலையெல்லாம் தெருவைக் கலக்கினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தாத்தாவின் கட்டிலில் படுத்து உறங்கினாள். ஷைஜா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த விசில் சத்தம் கேட்டது. மீனைப் போட்டுவிட்டு ஓடினாள். ஜெமி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

பம்ப் கொடுத்து, தூக்கிக்கொண்டு போய்க் கடற்காற்றில் உட்கார்த்தி வைத்தாள். இழுப்பு மெல்ல அடங்கியது. அனிஷ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, லிஜியிடமே விட்டுவிடுவோம், நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம் என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.  ஊரை மாற்றி என்ன, சட்டம் போட்டு என்ன, எனக்க பிள்ளை எனக்க வீட்டில் படுக்க முடியவில்லையே என்று ஷைஜாவுக்கு நெஞ்சு வெடித்தது. பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. இழுப்பு வந்தால் பயப்படாதே, பக்கத்தில் என்ன இருந்தது என்று பார். சிவப்ரியா விக்டோரியா வீட்டில் விட்டுப் போயிருந்த மீட்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

முன்னறையில் பெட்டி பேசவில்லை. அடுக்களையில் பேசவில்லை. மாமனாரின் அறையில், கட்டிலுக்குக் கீழே நீட்டியதும் வீறிட்டது.

சத்தம் கேட்டுச் சிலுவைதாசன் வந்து வாசலில் நின்றார். ஷைஜா கட்டில் விரிப்பைத் தூக்கினாள். நீலப் பெயிண்ட் அடித்த கேன், கழுத்தில் ஒரு செபமாலையோடு.

"மக்கா, அது அந்தோனியார் எனக்குத் திருப்பித் தந்தது," என்றார் அவர்.  "அத என்ஜின்ல ஊத்தி எரிக்க மனசு வரல்ல. அருமையா வச்சிருந்தேன்."

ஷைஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கிழவரின் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை.

"அந்தோனியார் அத உங்க கட்டிலுக்கடியில கொண்டு வச்சாரா மாமா? புரைக்குத்தானே கொண்டு வந்தாரு. அவருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாண்டாமா?"

 வெளியே அனிஷின் மடியில் பேத்தி இருமுகிற சத்தம் உள்ளே வரை கேட்டது. சிலுவைதாசன் சாரத்தை மடித்துக் கட்டினார், குனிந்து கேனைத் தூக்கினார். கொல்லை வழியாகப் போயிருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது. அவர் நடுத்தெருவில் இறங்கினார். பட்டப்பகல் வெயிலில், சாயாக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், கூட்டத்தில் எழுந்து பேசிய மனுஷன் கையில் கேனோடு நடந்தார். இது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார்.

"எனக்க கேன்தான் லே. கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தேன். எனக்க பேத்திக்கு மூச்சு முட்டிப்போச்சு. பிழைய நான் கெட்டுதேன். உங்க வீட்டுல ஒளிச்சது இருந்தா இப்பமே எடுத்துட்டு வாருங்க, இல்லன்னா அந்தப் பெட்டியோட நானே வருவேன்."

 முதலில் ஒருவன் குடித்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். கருவாட்டுக் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு கேனோடு திரும்பி வந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தான். கிழக்குத் தெருவில் ஒன்று, வடக்குத் தெருவில் ஒன்று என்று கதவுகள் திறந்தன. அட, என்னவொரு ஊர் பாருங்கள், கோயில் முற்றத்தில் சட்டம் போட்டுவிட்டுப் போய் ஆளாளுக்கு ஒன்று ஒளித்து வைத்திருக்கிறார்கள்! யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, எல்லாரும் சிலுவைதாசனுக்குப் பின்னால் நடந்தார்கள். விக்டோரியா வாசலில் நின்று ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி வைதாள். வைதுகொண்டே உள்ளே போய்த் தன் வீட்டிலிருந்தும் ஒரு சின்னக் கேனை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தாள். ஷைஜா சிரித்தாள், கண்ணில் வெள்ளம் கொட்டியது, இரண்டையும் நிறுத்த முடியவில்லை. தெரு முழுக்க ஆணும் பெண்ணுமாகக் கேன்களோடு கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். புரையில் இடம் போதவில்லை. பக்கத்தில் இன்னொரு அறை கட்ட வேண்டும் என்று சிலுவைதாசன் அங்கேயே நின்று தீர்மானம் போட்டார்.

அந்த வாரம் முழுக்க ஜெமி தாத்தாவின் கட்டிலில்தான் படுத்தாள். ஒருநாளும் இழுப்பு வரவில்லை. மற்ற வீடுகளிலும் பம்ப் தேடுகிற அவசரம் குறைந்ததென்று பெண்கள் வந்து சொன்னார்கள். சிவப்ரியா மறுபடியும் வந்து வீடு வீடாக அளந்தாள், இந்தத் தடவை சாயா குடிக்காமல் ஒரு வீட்டிலிருந்தும் அவளால் தப்ப முடியவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து பங்குப்பேரவைக்காரர்கள் புரையைப் பார்க்க வந்தார்கள். அங்கெல்லாம் போய்ப் பயிற்சி கொடுக்க ஷைஜாவைக் கூப்பிட்டார்கள், மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடப் போகிறவர் சிலுவைதாசன். முதலில் அதை மணலில் வைத்துக் காட்ட வேண்டும் என்று அவர் ஆட்களுக்கு விளக்குகிற விளக்கத்தைக் கேட்டால், அந்த யோசனையே அவருடையது என்றுதான் நினைப்பீர்கள்.

ஜூன் பிறந்தது. மிக்கேல்துறைப் பள்ளிக்கூடத்தில் ஜெமியின் பெயரைச் சேர்த்துவிட்டு ஷைஜா வீட்டுக்கு வந்த கையோடு லிஜி போன் செய்தாள். பிள்ளையின் துணிமணியையெல்லாம் மூட்டை கட்டியிருப்பதாகச் சொன்னாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு மூன்று உடுப்பும் அந்தப் பம்பில் ஒன்றும் இங்கேயே இருக்கட்டுமா, மறுபடியும் முடியாமல் வந்தால் வேண்டுமே என்று கேட்டாள். பிள்ளையைப் பிரிகிற வருத்தம் அவள் குரலில் இருந்தது. ஷைஜாவுக்கு அது புரியாமல் இல்லை.

"எல்லாத்தையும் குடுத்து விடு ஏட்டி," என்றாள். "ஒண்ணும் அங்க வைக்காண்டாம். எனக்க பிள்ள இனி உனக்க வீட்டுக்கு விருந்துக்குத்தான் வருவா."